தெரிந்த கசிவு விபத்து அல்ல: ஐஸ் தளத்திலும் இறப்பர் ஸ்டோரிலும் ஒரே அமோனியா

2017 ஒக்டோபர் 17ஆம் திகதி கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஃபெர்னி என்ற சிறிய மலைநகரத்தின் ஐஸ் விளையாட்டரங்கில் மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் பனியில் வழுக்கி விழுந்தவர்கள் அல்ல. பனியை உறைய வைக்கும் இயந்திர அறையில் கசிந்த அமோனியாவைச் சுவாசித்தவர்கள். இருவர் நகரசபை ஊழியர்கள், ஒருவர் குளிரூட்டி பழுதுபார்க்க வந்தவர். அரங்கைச் சுற்றியிருந்த வீடுகளில் வசித்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், நகரத்தில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது.

இரத்தினபுரியிலோ கேகாலையிலோ இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்கு ஐஸ் தளத்தோடு என்ன உறவு என்று கேட்கலாம். உறவு அந்த வாயுதான். அங்கே பனியை உறைய வைக்கும் அமோனியா, இங்கே இறப்பர் பாலை உறைய விடாமல் வைக்கிறது. வேலைதான் எதிரும் புதிரும். வாயு ஒன்று, அதன் ஆபத்தும் ஒன்று.

ஃபெர்னி விபத்தை விசாரித்த மாகாணப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் அறிக்கை வெளியிட்டது. குளிரூட்டியின் குழாயொன்றில் கசிவு இருப்பது விபத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தும் பருவம் தொடங்கியபோது அதே இயந்திரத்தை மீண்டும் ஓட்டினார்கள். கசிவு பெரிதாகி, குழாய் இணைப்பு விலகி, அறை முழுவதும் வாயு நிறைந்தது. தெரிந்த கசிவோடு இயந்திரத்தை ஓட்டினால் அதற்கு விபத்து என்ற பெயர் பொருந்தாது. சப்ரகமுவ தோட்டங்களில் இறப்பர் வேலை செய்யும் ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டிய பாடம் இது.

ஐஸ் தளம் எப்படி உறைகிறது?

வீட்டு ஃபிரிட்ஜில் நடப்பதே ஐஸ் தளத்திலும் பெரிய அளவில் நடக்கிறது. அழுத்தத்தில் திரவமாக இருக்கும் அமோனியா, அழுத்தம் குறைந்தவுடன் வாயுவாக மாறும். அப்படி மாறும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அமோனியாவின் கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழே 33 பாகை செல்சியஸ். அதன் குளிரை உப்புநீருக்கோ கிளைகோல் கலந்த நீருக்கோ மாற்றி, தளத்துக்கு அடியில் பதித்த குழாய்களில் ஓடவிட்டால், மேலே தெளிக்கும் தண்ணீர் படலம் படலமாக உறையும்.

பண்டிகைக் காலத்தில் சில வாரங்களுக்கு மட்டும் அமைக்கும் தற்காலிகத் தளங்களில் பெரும்பாலும் குளிரூட்டியை வெளியே வைத்து, கிளைகோல் குழாய் விரிப்புகளைத் தரையில் விரிப்பார்கள். மக்கள் நிற்கும் இடத்துக்கு நச்சு வாயு வராமலிருக்க இது நல்ல வழி. ஆனாலும் தற்காலிகம் என்ற சொல்லுக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சில நாளுக்குத்தானே என்று பரிசோதனைப் புத்தகம் எழுதாமல் விடுவதும், கழன்ற குழாயைக் கம்பி கட்டி வைப்பதும் எங்கும் நடக்கிற விஷயம். தோட்டத்து ஸ்டோரிலும் தற்காலிகமாகச் சுற்றிய சைக்கிள் டியூப் பல ஆண்டுகள் அப்படியே இருந்துவிடும்.

அமோனியா நம் பக்கத்திலும் ஆட்களை வீழ்த்தியிருக்கிறது. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதப்படுத்தும் ஆலையொன்றில் அமோனியா கசிந்து முப்பது பேரளவில் பெண் தொழிலாளர்கள் மயங்கி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 2023 டிசம்பர் 26ஆம் திகதி இரவு சென்னை எண்ணூரில், கடலுக்கடியில் போகும் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் கைக்குழந்தைகளோடு தெருவுக்கு ஓடினார்கள்.

நம் தோட்டத்தில் அது எங்கே இருக்கிறது?

தெஹியோவிட்ட, தெரணியகல, யட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல, எஹெலியகொட, குருவிட்ட, காவத்தை, இறக்குவானை என்று சப்ரகமுவ மாகாணத்தின் பெரும்பகுதி இறப்பரும் தேயிலையும் கலந்த நிலம். சிரட்டையில் வடியும் பால் சில மணி நேரத்தில் தானாகவே உறையத் தொடங்கும். மழை நாளிலும் தூரத்து மலையிலும் பால் ஸ்டோருக்கு வருவதற்குள் கட்டிபட்டுவிடும். அதைத் தடுக்கச் சிறிதளவு அமோனியாக் கரைசலைச் சிரட்டையிலோ வாளியிலோ விடுவார்கள். கிரேப் இறப்பருக்குப் போகும் பாலில் பெரும்பாலும் சோடியம் சல்பைட் சேர்க்கப்படும். கையுறை போன்ற பொருட்கள் செய்யும் ஆலைகளுக்குத் திரவமாகவே அனுப்பும் பாலுக்கு அமோனியா அதிகம் தேவைப்படும். அதற்காக ஸ்டோரில் சிலிண்டர்கள் இருக்கும்.

ஆக, மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வாயுச் சிலிண்டர் இருக்கும் ஸ்டோர் மூலை. இரண்டு, கரைசல் கலக்கும் பீப்பாயும் பால் சேர்க்கும் மடுவமும். மூன்று, பால் வெட்டுகிறவரின் கையில் இருக்கும் சிறு போத்தல். முதலாவதில் ஒரு தவறு நடந்தால் பலருக்கு ஒரேயடியாகப் பாதிப்பு. மூன்றாவதில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒரு வீட்டுக்குள் முடிந்துவிடும், வெளியே தெரியாது.

உடம்பில் என்ன செய்யும்?

அமோனியா தண்ணீரைத் தேடிப் போகும் வாயு. கண்ணீர், எச்சில், மூக்கின் ஈரம், நுரையீரலின் ஈரம் என எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கே கரைந்து காரமாக மாறும். அதனால்தான் முதலில் கண் எரிகிறது, அடுத்துத் தொண்டை அடைக்கிறது. வியர்வை படிந்த கழுத்தும் அக்குளும்கூட எரியும்.

காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 5 பங்கு இருந்தாலே பலருக்கு மணம் தெரியும். எட்டு மணி நேர வேலைக்கு 25 பங்குக்கு மேல் கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் எல்லை. 300 பங்கு உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணிக்கப்பட்ட அளவு. ஆயிரக்கணக்கில் போனால் சில நிமிடங்களே போதும்.

மூன்று உண்மைகளை வேலை செய்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். மணம் பழகிவிடும். தினமும் அதே அறையில் நிற்பவருக்குப் புதிதாக வருகிறவருக்குத் தெரியும் மணம் தெரியாது. ஆகவே, எனக்கு ஒன்றும் மணக்கவில்லை என்று பழைய ஆள் சொல்வதை ஆதாரமாக எடுக்கக் கூடாது. அடுத்தது, பாதிப்பு தாமதமாகவும் வரும். இருமல் நின்று வீட்டுக்குப் போனவருக்கு இரவில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். பலமாகச் சுவாசித்த ஒருவர் நன்றாகத் தெரிந்தாலும் 24 மணி நேரமாவது வைத்தியரின் கண்காணிப்பில் இருப்பது நல்லது. மூன்றாவது, கண்ணில் பட்ட காரம் அமிலத்தைவிட ஆழமாக உள்ளே இறங்கும். முதல் நிமிடங்களில் கழுவுவதைப் பொறுத்தே பார்வை மிஞ்சும்.

கசிந்தால் முதலில் செய்ய வேண்டியவை

• வேலையைப் போட்டுவிட்டு வெளியேறுங்கள். வாளி, பால், செருப்பு எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள்.

• காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, வாயுவின் பாதைக்குக் குறுக்கே விலகி, காற்று வரும் பக்கமாகப் போங்கள். அமோனியா காற்றைவிட இலேசானதுதான். ஆனால் சிலிண்டரிலிருந்து குளிர்ந்து வரும் வெண்புகை ஈரக்காற்றோடு சேர்ந்து தரையோடு தவழும். நம் மலைச்சரிவுகளில் அது ஓடைப் பக்கமாக இறங்கும். முடிந்தால் மேட்டுப் பக்கம் ஏறுங்கள்.

• ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். அது தப்பி ஓட உதவும். அதை நம்பி உள்ளே போகக் கூடாது.

• கண்ணில் பட்டால் ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் இமையை விரித்துக் கழுவுங்கள். காரத்துக்கு மாற்று என்று தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ விடக் கூடாது.

• உடை நனைந்திருந்தால் தண்ணீர் ஊற்றியபடி கழற்றுங்கள். குளிர்ந்த திரவம் பட்டு உடை தோலோடு ஒட்டியிருந்தால் இழுத்துப் பிய்க்காதீர்கள்.

• தரையில் தேங்கி நிற்கும் திரவ அமோனியாவின் மேல் நேரடியாகத் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள். அது இன்னும் வேகமாக ஆவியாகும்.

• நெருப்பு, பீடி, மின்சுவிட்ச் வேண்டாம். மூடிய அறையில் குறிப்பிட்ட அளவு சேர்ந்தால் அமோனியா தீப்பிடிக்கும்.

• 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள், அது இலவசம். பெரிய கசிவாக இருந்தால் 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். அழைக்கும்போது ‘அமோனியா’ என்ற சொல்லைக் கட்டாயம் சொல்லுங்கள். வருகிறவர்கள் ஆயத்தமாக வர அது உதவும். எந்த இரசாயனம் என்று தெரியாமல் திணறும் வைத்தியருக்கு வழிகாட்ட, கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது.

காப்பாற்றப் போனவர்கள்

2018 ஏப்ரல் 19ஆம் திகதி ஹொரணை பெல்லப்பிட்டியவில் இறப்பர் தொழிற்சாலையொன்றில் ஐந்து பேர் இறந்தார்கள். அமோனியா இருந்த தொட்டிக்குள் தொழிலாளி ஒருவர் விழுந்தார். அவரைக் காப்பாற்றப் போன அயலவர்களும் அதற்குப் பலியானார்கள். ஹொரணை களுத்துறை மாவட்டத்தில் இருக்கிறது, இரத்தினபுரி எல்லைக்குத் தூரமில்லை. அதே பால், அதே வேலை முறை.

அந்த ஊர் மக்களின் மனம் பெரியது. ஆனால் உபகரணம் இல்லாத துணிச்சல் பிணங்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டும். தொட்டி, குழி, கழிவுநீர்க் கிடங்கு ஆகியவற்றுக்குள் ஒருவர் விழுந்தால், காற்றுச் சிலிண்டரோடு கூடிய முகக்கவசமும் இடுப்பில் கயிறும் வெளியே கயிறு பிடிக்க ஆளும் இல்லாமல் இன்னொருவர் இறங்கவே கூடாது.

இறப்பர் ஆலைகளின் கழிவுநீர்த் தொட்டிகளில் இன்னொரு வாயுவும் உண்டு. பாலைத் திரிக்கச் சல்பூரிக் அமிலம் பயன்படும் இடங்களில், காற்றில்லாமல் தேங்கும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைட் உண்டாகும். முதலில் அழுகிய முட்டை மணம் வரும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்து மணம் நின்றுவிடும். மணம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர் அங்கேதான் விழுவார்.

சோடாப் போத்தலில் ஊற்றாதீர்கள்

பெரிய கசிவு என்றாவது ஒருநாள் நடப்பது. தினமும் நடக்கக்கூடிய ஆபத்து வீட்டில் இருக்கிறது. அமோனியாக் கரைசலையும், பாலை உறைய வைக்கும் போமிக் அமிலத்தையும் காலி சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி லயத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் ஆபத்தானது. தாகத்தோடு பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு அது தண்ணீர்தான். கேரளத்தில் இறப்பர் பயிராகும் கோட்டயம் பகுதி வைத்தியர்கள், போமிக் அமிலம் குடித்து உணவுக்குழாய் வெந்து வந்தவர்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக மருத்துவ இதழ்களில் எழுதி வருகிறார்கள்.

இரசாயனம் ஸ்டோரிலேயே பூட்டில் இருக்க வேண்டும். மலைக்கு எடுத்துப் போவதற்குத் தனி நிறமும் நச்சு அடையாளமும் தமிழிலும் சிங்களத்திலும் பெயரும் உள்ள போத்தலைத் தோட்ட நிர்வாகமே கொடுக்க வேண்டும். மிஞ்சியதை மாலையில் திருப்பி வாங்க வேண்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்ட தொண்டையை அது ஏறும்போதும் சுடும். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அமோனியா இருந்த பாத்திரத்தைக் குளோரின் தூள் போட்டுக் கழுவுவதும் ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் இன்னொரு நச்சு வாயு வரும்.

நிர்வாகத்தின் கடமை

இலங்கையில் தொழிற்சாலைப் பாதுகாப்புக்கான அடிப்படைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். அதை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம். திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர் ஸ்டோருக்குள் வந்து பார்க்கவும் குறைகளைத் திருத்தச் சொல்லவும் அதிகாரம் உள்ளவர். நச்சு வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் தகுந்த சுவாசக் கருவியும் கயிறும் வெளியே ஆளும் இல்லாமல் ஒருவரை இறக்குவது இந்தச் சட்டத்துக்கு முரணானது. மரணம் நேர்ந்தாலோ, ஒருவர் மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாமல் காயப்பட்டாலோ நிர்வாகம் அதை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். கணக்கில் காட்டாமல் டிஸ்பென்சரியில் மருந்து போட்டு அனுப்பிவிடுவது சட்டத்தை மீறுவதாகும்.

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அது தொழிற்சாலைக்கு உரியது. மலையில் பால் வெட்டும் இடத்துக்கு அது எட்டாது. அதனால் போத்தல், கையுறை, கண்ணாடி போன்றவற்றைத் தொழிற்சங்கம் மூலம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அமோனியா வைத்திருக்கும் ஸ்டோரில் குறைந்தபட்சம் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

• நிமிர்த்திச் சங்கிலியால் கட்டிய, நிழலிலும் காற்றோட்டத்திலும் இருக்கும் சிலிண்டர்கள். வெயில் பட்டால் உள்ளழுத்தம் ஏறும்.

• இரும்பு அல்லது துருப்பிடிக்காத எஃகு இணைப்புகள். செம்பையும் பித்தளையையும் அமோனியா அரிக்கும். கடையில் கிடைத்த பித்தளை இணைப்பைப் பூட்டுவது கசிவுக்கு நாள் குறிப்பதுதான்.

• கதவுக்கு வெளியே தொங்கும் முகக்கவசம். வாயு நிறைந்த அறைக்குள் இருக்கும் முகக்கவசம் யாருக்கும் உதவாது.

• சில எட்டு தூரத்தில் எந்நேரமும் ஓடும் தண்ணீர்க் குழாய்.

• கசிவு, திருத்தம், பரிசோதனை ஆகியவற்றைத் திகதியோடு எழுதும் புத்தகம்.

• வெள்ளத்துக்கு எட்டாத மேடு. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததையும், 2017 மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியதையும் பார்த்த மாகாணம் இது. மிதந்து போகும் சிலிண்டர் எந்த லயத்தின் வாசலிலும் ஒதுங்கலாம்.

வேலை செய்ய மறுக்கலாமா?

சர்வதேச தொழில் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் இலக்கச் சமவாயம், உயிருக்கு உடனடியான பாரதூரமான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளி பழிவாங்கப்படக் கூடாது என்கிறது. 2022 ஜூனில் அந்த அமைப்பு, பாதுகாப்பான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது.

தோட்டத்தில் நடைமுறை வேறு. மறுத்தால் பேர் போடமாட்டார்கள் என்ற பயம் இருக்கும். அதனால் தனியே மறுக்காதீர்கள். கணக்கப்பிள்ளையிடம் வாயால் சொன்னதோடு நிறுத்தாமல், தோட்டத் தலைவர் மூலம் துரைக்கு எழுத்தில் கொடுங்கள். எந்த இடத்தில், எந்தத் திகதியிலிருந்து, என்ன கசிகிறது என்று மூன்று வரி போதும். பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். ஃபெர்னியில் கசிவு முன்பே தெரிந்திருந்தது என்பதை உலகுக்குச் சொன்னது பழைய பதிவுகள்தான். நடவடிக்கை இல்லையென்றால் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு அதே கடிதத்தை அனுப்புங்கள்.

இதற்காக வேலையிலிருந்து நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று சங்கம் சொன்னாலும் அந்த ஆறு மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

நட்டஈடு எப்படிக் கிடைக்கும்?

வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் காயமோ மரணமோ நேர்ந்தால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். முதலாளியின் கவலையீனத்தை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. 2022இல் வந்த திருத்தம் உச்ச நட்டஈட்டை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் அது உள்ளடக்கியது.

முதலில் வைத்தியசாலையில் ‘வேலை செய்யும்போது அமோனியா பட்டது’ என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள். வீட்டில் விழுந்தேன் என்று சொல்லச் சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் துண்டில் எழுதப்படும் ஒரு வரியில் முழு வழக்கும் தங்கியிருக்கலாம். இரத்தினபுரி, கேகாலை போதனா வைத்தியசாலைகளிலும், கரவனெல்ல, பலாங்கொடை போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் தரும் அட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து, தாமதிக்காமல் தொழில் அலுவலகம் ஊடாகவோ நேரடியாகவோ வேலையாள் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பியுங்கள். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலும் அங்கத்தவருக்கு மரணம், நிரந்தர அங்கவீனம் ஆகியவற்றுக்கான நன்மைகள் உண்டு. அதையும் தனியாகக் கேளுங்கள்.

ஒரு தொகையைக் கையில் கொடுத்து, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று கையொப்பம் கேட்டால் போடாதீர்கள். மரணத்துக்கான நட்டஈடு ஆணையாளரிடம் செலுத்தப்பட்டு, அவர் மூலமே குடும்பத்தவருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை சட்டத்தின் முன் நிற்காது.

கைக்காசுக்கும் கொந்தராத்துக்கும் வேலை செய்பவர்களுக்கும், மரங்களைப் பகிர்ந்து கொடுத்துப் பால் வாங்கும் முறையில் இருப்பவர்களுக்கும் ஒரு விசேட எச்சரிக்கை. விபத்து நடந்த பிறகு ‘இவர் எங்கள் ஆள் இல்லை’ என்ற பேச்சு வரும். பால் நிறுத்த துண்டு, சம்பளத் துண்டு, ஊழியர் சேமலாப நிதி இலக்கம், யார் வேலை சொன்னார் என்பதற்குச் சாட்சி ஆகியவற்றை இன்றே ஒரு உறையில் போட்டு வையுங்கள். கவலையீனத்துக்காகச் சிவில் வழக்குத் தொடர்வதானால் இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது.

தமிழில் சொல்லும் உரிமை

சப்ரகமுவ தோட்டத் தமிழர் சிங்களப் பெரும்பான்மைக்கு நடுவே வாழ்பவர்கள். பேச்சுச் சிங்களம் பெரும்பாலானோருக்கு வரும், வாசிக்கத் தெரியாதவர்கள் பலர். பொலிஸ் வாக்குமூலத்திலும் திடீர் மரண விசாரணையிலும் இந்த இடைவெளியில்தான் உண்மை காணாமல் போகிறது. தமிழ் அரச கரும மொழி. அரச அலுவலரோடு தமிழில் தொடர்பு கொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அல்லது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உங்களுக்கு விளங்காத தாளில் கையொப்பமிடாதீர்கள்.

லயத்தில் இருப்பவர்களுக்கும் உரிமை உண்டு

ஸ்டோருக்குப் பக்கத்து லயத்தில் அடிக்கடி கண் எரிந்தால், ஓடைத் தண்ணீர் நாறினால், அது வேலைத்தலப் பிரச்சினையோடு முடியாது. இறப்பர் பதனிடும் ஆலைகளுக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முறையிடலாம். தோட்டங்களுக்குச் சேவை செய்யப் பிரதேச சபைகளுக்கு இருந்த தடை 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் நீங்கியது. ‘அது தோட்டத்து விஷயம்’ என்று உறுப்பினர் இனிக் கைகழுவ முடியாது.

உங்கள் ஸ்டோரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், என்ன குறை கண்டார்கள் என்று தெரிய வேண்டுமா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொழில் திணைக்களத்துக்குத் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும்.

ஃபெர்னியில் இறந்த மூவரும் அன்று காலை தங்கள் வேலையைச் செய்தவர்கள். அவர்களைக் கொன்ற முடிவு வேறு இடத்தில், வேறு நாளில், கசிவு தெரிந்தும் இயந்திரத்தை ஓட்டுவதென்று எடுக்கப்பட்டது. உங்கள் ஸ்டோரில் எந்த வால்வு கசிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த சங்கக் கூட்டத்தில் சம்பளத்தோடு அதையும் பேசுங்கள். சிலிண்டர், முகக்கவசம், தண்ணீர்க் குழாய், பதிவுப் புத்தகம் ஆகிய நான்கையும் காட்டும்படி நிர்வாகத்தை எழுத்தில் கேளுங்கள். காட்ட முடியாத நிர்வாகத்தைப் பற்றி மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு இந்த மாதமே எழுதுங்கள்.